இனம் கடந்து வாக்குத் திரட்டுவது எப்படி? அமெரிக்க நிதி ஒதுக்கீடுகளும் சிறுபான்மை உறுப்பினர்களும்

சட்டமன்றவியல் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் காங்கிரஸிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் உள்ள கறுப்பின, லத்தீன் வம்சாவளி உறுப்பினர்கள் அரசின் நிதி ஒதுக்கீடுகளில் தம் தொகுதி மக்களுக்கு உரிய பங்கைப் பெறுவதற்காகப் பிற இனத்து உறுப்பினர்களின் வாக்குகளை எவ்வாறு திரட்டுகிறார்கள் என்பதே என் முதுகலை ஆய்வேட்டின் பொருள். படிக்கப் படிக்க ஐயம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன்.

முதல் ஐயம் எண்ணிக்கையைப் பற்றியது. 1971இல் காங்கிரஸின் கறுப்பின உறுப்பினர்களுடைய குழுவான கறுப்பினக் காக்கஸ் தொடங்கப்பட்டபோது அதில் இருந்தவர்கள் 13 பேர். அவர்களிலும் வாஷிங்டன் நகரப் பிரதிநிதிக்குப் பிரதிநிதிகள் சபையின் வாக்கெடுப்பில் உரிமை இல்லை. 435 பேரும் வாக்களிக்கும் நாளில் ஒரு மசோதா நிறைவேற 218 வாக்குகள் தேவை. காக்கஸின் பலம் பிற்காலத்தில் 50ஐத் தாண்டி வளர்ந்தது என்றாலும், அப்போதும் வெள்ளையின உறுப்பினர்களின் ஆதரவு இல்லாமல் ஒரு ரூபாயோ ஒரு டாலரோ நகராது என்ற நிலைமை மாறவில்லை.

இரண்டாவது ஐயமே என்னை அதிகம் வருத்துகிறது. இனத்தின் பெயரைச் சொல்லாமல் வறுமையின் பெயரால் கேட்டால்தான் வாக்குகள் சேரும் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். அப்படிக் கேட்டால் எந்த மக்களுக்காகக் கேட்கிறோமோ அவர்களுக்கு வந்து சேர வேண்டியது வழியிலேயே கரைந்துவிடும் என்று மற்றொரு சாரார் எழுதுகிறார்கள். நடந்த வரலாறு இவற்றில் எதற்குச் சான்றாக நிற்கிறது? கட்டி எழுப்பிய கூட்டணி அடுத்த நிதியாண்டு வரையாவது நிலைக்கிறதா? பொதுவான கருத்துகளைவிடக் குறிப்பிட்ட மசோதாக்களையும் வாக்கெடுப்புகளையும் சுட்டிக்காட்டி விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

கோப்பு வாசகர் எழுதியது:

நல்ல கேள்வி. நீங்கள் கேட்டது போலவே குறிப்பிட்ட சட்டங்களிலிருந்து தொடங்குகிறேன். என் கருத்தில், இத்தகைய கூட்டணிகள் மேடைப் பேச்சில் உருவாவதைவிட, பணத்தை எந்த அளவுகோலைக் கொண்டு பங்கிடுவது என்று சட்டத்தில் எழுதப்படும் இரண்டு மூன்று வரிகளில்தான் உருவாகின்றன. அந்த வரிகளை எழுதும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறதோ அவர் வாக்குகளையும் சேர்க்கிறார்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, தென் கரோலினாவின் கறுப்பின உறுப்பினர் ஜேம்ஸ் கிளைபர்ன் முன்வைத்த '10-20-30' சூத்திரம். ஒரு திட்டத்தின் நிதியில் குறைந்தது 10 விழுக்காட்டை, 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மக்கள் 30 ஆண்டுகளாகத் தொடர்ந்து வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழும் கவுண்டிகளுக்கு (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகள்) ஒதுக்க வேண்டும் என்பதே அது. 2009ஆம் ஆண்டின் பொருளாதார மீட்புச் சட்டத்தில் ஊரக வளர்ச்சி நிதிக்கு இந்த விதி பொருத்தப்பட்டது. அப்போது கிளைபர்ன் ஆளும் கட்சிக் கொறடா என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தச் சூத்திரத்தில் இனம் என்ற சொல்லே இல்லை. ஆனால் அதன்படி தேறும் நானூறுக்கும் மேற்பட்ட கவுண்டிகளை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தென் மாநிலங்களின் பழைய பருத்தி நிலங்களில் கறுப்பின மக்கள், மெக்சிகோ எல்லையோரம் லத்தீன் வம்சாவளியினர், தெற்கு டகோட்டாவின் ஒதுக்கிடங்களில் பூர்வகுடியினர், கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரி மலைகளில் ஏழை வெள்ளையர் என நால்வகை மக்களும் ஒரே பட்டியலில் வந்துவிடுகிறார்கள். கென்டக்கியின் அந்த மலைப் பகுதிக்குப் பிரதிநிதியாகவும் ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவராகவும் இருந்த ஹால் ராஜர்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். அவருடைய கவுண்டிகளும் கிளைபர்னுடைய கவுண்டிகளும் ஒரே வரியால் பயன் பெறும்போது, அந்த வரியை நீக்கக் கோருவது குடியரசுக் கட்சியினருக்கே எளிதாக இல்லை. 2017ஆம் ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டத்தில், குடியரசுக் கட்சி இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்றிருந்த நிலையிலேயே, இந்த விதி மேலும் பல திட்டங்களுக்கு விரிந்தது.

இதற்கு நேர்மாறாக முடிந்த ஒரு நிகழ்ச்சியையும் பார்க்க வேண்டும். நியூயார்க் நகரின் ஹார்லெமிலிருந்து தேர்வான கறுப்பின உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல், இனப் பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்கு மத்திய அரசின் பணம் செல்லக் கூடாது என்ற திருத்தத்தை மசோதா தோறும் கொண்டுவந்தார். 1956 ஜூலையில், பள்ளிக் கட்டடங்களுக்கு நிதி வழங்கும் மசோதாவில் அவருடைய திருத்தம் 225க்கு 192 என்ற கணக்கில் வென்றது. ஆனால் திருத்தப்பட்ட மசோதாவோ 194க்கு 224 என்ற கணக்கில் தோற்றது. பள்ளிகளுக்கு மத்திய அரசு பணம் தருவதையே விரும்பாத குடியரசுக் கட்சியினரில் பலர் திருத்தத்திற்கு ஆதரவாக வாக்களித்து, அதனால் தென் மாநில ஜனநாயகக் கட்சியினரை மசோதாவுக்கு எதிராகத் திருப்பிவிட்டு, பிறகு தாங்களும் எதிர்த்து வாக்களித்தார்கள். திருத்தத்திற்குக் கைதூக்கிய எல்லோரும் நம் கூட்டணி என்று எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இதைக் கொண்டு பவல் செய்தது பிழை என்று முடிவு கட்டுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் விடாமல் எழுப்பிய அந்தக் கோரிக்கைதான் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பாக, எல்லா மத்திய நிதிக்கும் பொருந்தும் பொது விதியாக நிலைபெற்றது. அந்த விதி சட்டமான பின்னர் ஒவ்வொரு நிதி மசோதாவிலும் அதே சண்டையைப் போட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. மறு ஆண்டே பவலைத் தலைவராகக் கொண்ட கல்வி, தொழிலாளர் குழுவிலிருந்து தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் வெளிவந்து நிறைவேறியது. ஆண்டு வருமானம் 2,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்களின் குழந்தைகளைக் கணக்கிட்டுப் பணத்தைப் பங்கிடும் சூத்திரம் அதில் இருந்தது. அத்தகைய குழந்தைகள் இல்லாத கவுண்டி அரிது என்பதால், நாட்டின் மிகப் பெரும்பாலான தொகுதிகளுக்கு அந்தப் பணத்தில் பங்கு கிடைத்தது. 1956இல் தோற்ற அதே மனிதர் 1965இல் வென்றார் என்பதையும், இடையில் உரிமைப் பிரச்சினை தனிச் சட்டமாகத் தீர்க்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் ஆய்வேட்டின் ஓர் அதிகாரத்தை இந்த ஒன்பது ஆண்டுகளைக் கொண்டே எழுதலாம்.

அவைக்குறிப்பு எழுதியது:

மேலே உள்ள பதிலை ஏற்கிறேன். ஆனால் சூத்திரம் தானாக எழுந்து நடப்பதில்லை. அதை எழுதும் நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார், எந்த நேரத்தில் அவருடைய வாக்கு இல்லாமல் காரியம் நடக்காது என்ற இரண்டும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

காக்கஸ் 1981இல், ரேகன் ஆட்சியின் வெட்டுகளுக்கு எதிராக, முழுமையான மாற்று வரவு செலவுத் திட்டம் ஒன்றைத் தயாரித்துச் சபையில் வாக்கெடுப்புக்கு வைத்தது. பிறகு பல ஆண்டுகள் அது ஒரு மரபாகவே தொடர்ந்தது. அந்தத் திட்டங்கள் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்றன. ஆயினும் அவற்றை வீண் முயற்சி என்று ஒதுக்குவது சரியன்று. 2010களில் காக்கஸின் மாற்றுத் திட்டங்கள் நூறுக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றன. அக்காலத்தில் காக்கஸின் பலம் நாற்பதை ஒட்டியே இருந்தது. அதாவது ஆதரித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர் அல்லர். எந்தத் தொகுதியின் உறுப்பினர் எந்த எல்லை வரை கூட வருவார் என்பதை வெளிப்படையாகப் பதிவு செய்த அந்த வாக்குப் பட்டியல், பின்னர் நடக்கும் பேரங்களுக்கு அடிப்படையாகிறது.

இதே காலத்தில் வேறொரு வழியைத் தேர்ந்தவர் பிலடெல்பியாவின் வில்லியம் கிரே. 1985இல் சபையின் வரவு செலவுக் குழுவுக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவர். தலைவரான பிறகு அவருக்கு முன்னிருந்த வேலை, தென் மாநிலப் பழமைவாத ஜனநாயகக் கட்சியினரும் வட மாநில நகரங்களின் தாராளவாதிகளும் ஒருசேர ஆதரிக்கக்கூடிய ஒரு திட்டத்தை உருவாக்குவது. அதனால் சொந்தக் காக்கஸின் மாற்றுத் திட்டத்திற்கு ஆதரவாக வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றார். இதனால் தோழர்கள் சிலருக்கு வருத்தம் உண்டானது இயல்பே. ஆனால் சபை முழுவதற்கும் பொறுப்பான தலைவர் ஒருவர் தம் குழுவின் திட்டத்தைச் சபையில் நிறைவேற்றிக் காட்டினால்தான் அதற்குள் ஏழைகளுக்கான திட்டங்களைக் காப்பாற்ற முடியும் என்ற கணக்கு அவருடையது. அவர் தலைவராக இருந்த 1985இல்தான் கிராம்-ரட்மன்-ஹாலிங்ஸ் எனப்படும் பற்றாக்குறைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பற்றாக்குறை வரம்பை மீறினால் தானாக நடைபெறும் வெட்டுகளிலிருந்து மெடிகெய்ட் மருத்துவ உதவிக்கும் ஃபுட் ஸ்டாம்ப் உணவு உதவிக்கும் அச்சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. இவற்றால் பயன்பெறுவோர் எல்லா இனத்திலும் இருந்ததால் அந்த விலக்கைக் காக்கும் வாக்குகளும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தன.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1993 ஆகஸ்டில் கிளின்டனின் பற்றாக்குறைக் குறைப்பு மசோதா பிரதிநிதிகள் சபையில் 218க்கு 216 என்ற கணக்கில் நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் ஒருவரும் ஆதரிக்கவில்லை. ஜனநாயகக் கட்சியிலேயே 41 பேர் எதிர்த்தார்கள். முந்தைய ஆண்டுத் தேர்தலில் பெருகிய கறுப்பின உறுப்பினர்களின் வாக்குகள் இல்லாமல் அந்த மசோதா பிழைத்திருக்காது என்பதை வெள்ளை மாளிகையும் அறிந்திருந்தது, அவர்களும் அறிந்திருந்தார்கள். குறைந்த ஊதியம் பெறும் உழைக்கும் குடும்பங்களுக்கான வருமான வரிச் சலுகை அந்தச் சட்டத்தில் பெரிதும் விரிவாக்கப்பட்டது. குழந்தையில்லாத ஏழைத் தொழிலாளருக்கும் முதன்முறையாக அது கிடைத்தது. இங்கும் கவனியுங்கள்: அந்தச் சலுகையைப் பெற்ற குடும்பங்களில் வெள்ளையரின் எண்ணிக்கை மிகப் பெரியது. மிதவாத உறுப்பினர்களுக்குத் தம் தொகுதியில் நின்று பாதுகாத்துப் பேசக்கூடிய ஒன்றையே காக்கஸ் வலியுறுத்தியது.

2021 நவம்பரிலும் இதே போன்ற ஒரு நெருக்கடி நேர்ந்தது. கட்டமைப்பு மசோதாவை முதலில் நிறைவேற்ற வேண்டுமா, சமூகச் செலவு மசோதாவையும் சேர்த்தே நிறைவேற்ற வேண்டுமா என்று ஜனநாயகக் கட்சியின் இரு அணிகளும் முட்டிக்கொண்டு நின்றன. அப்போது கட்டமைப்பு மசோதாவை உடனே நிறைவேற்றி, மற்றதை விவாதத்திற்கு எடுப்பதற்கான விதியை மட்டும் அப்போதைக்கு ஏற்பது என்ற இணக்க வழியை ஜாய்ஸ் பீட்டி தலைமையிலான காக்கஸ் முன்வைத்தது. 228க்கு 206 என்ற கணக்கில் கட்டமைப்பு மசோதா நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் 13 பேரும் ஆதரித்தார்கள். இரு அணியிலும் ஆட்களைக் கொண்டிருந்ததால்தான் காக்கஸால் நடுவில் நிற்க முடிந்தது.

நெடுநாள் உறுப்பினர் எழுதியது:

இரு பதில்களும் பயனுள்ளவை. ஆனால் இரண்டும் சேர்ந்து, இனத்தைச் சொல்லாமல் கேட்பதே அறிவுடைமை என்ற எண்ணத்தைக் கேள்வி கேட்டவருக்கு ஏற்படுத்திவிடுமோ என்று அஞ்சுகிறேன். வரலாறு அவ்வளவு நேராக இல்லை.

மேரிலாந்தின் கறுப்பின உறுப்பினர் பாரென் மிட்செல் 1977இல் என்ன செய்தார் என்று பாருங்கள். 400 கோடி டாலர் மதிப்புள்ள உள்ளூர்ப் பொதுப்பணி நிதியில் 10 விழுக்காடு சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டும் என்று வெளிப்படையாகவே திருத்தம் கொண்டுவந்தார். அது சட்டமானது. 1980இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகவே அக்காலத்துச் சபையில் இனத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் வாக்குகள் சேரா என்பது உண்மையன்று. பிற்பாடு நிலைமையை மாற்றியது நீதிமன்றம். இனத்தை அடிப்படையாகக் கொண்ட அரசு ஒதுக்கீடுகள் கடுமையான ஆய்வுக்கு உட்பட்டவை என்று 1989இல் ரிச்மண்ட் நகர வழக்கிலும், மத்திய அரசுக்கும் அதே அளவுகோல் என்று 1995இல் அடராண்ட் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. கிளைபர்னின் சூத்திரத்தில் இனம் இல்லாததற்கு வாக்குக் கணக்கு ஒரு காரணம் என்றால், இந்தத் தீர்ப்புகள் உண்டாக்கிய சூழல் மற்றொரு காரணம். உங்கள் ஆய்வில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் முடிவு கோணலாகிவிடும்.

மாநிலங்களில் வேறொரு வழி தென்படுகிறது. அது உதவி கேட்பதன்று, நிலுவையைக் கேட்பது. டென்னசி மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நில மானியக் கல்லூரிகளுக்கு (வேளாண்மை, பொறியியல் கற்பிக்க மத்திய அரசின் உதவியோடு அமைந்தவை) மத்திய அரசு தரும் தொகைக்கு ஈடாக மாநில அரசும் தொகை தர வேண்டும். கறுப்பினத்தவருக்கான டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு அந்த ஈட்டுத் தொகை பல பத்தாண்டுகளாக ஒழுங்காகத் தரப்படவில்லை. நாஷ்வில்லைச் சேர்ந்த உறுப்பினர் ஹெரால்ட் லவ் இளையவர் இதைக் கையில் எடுத்தார். அவருடைய தந்தையும் அதே சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்து அதே கேள்வியை எழுப்பியவர். ஆண்டுதோறும் சட்டமன்றமே நிறைவேற்றிய பழைய வரவு செலவு ஆவணங்களைப் புரட்டி, எந்த ஆண்டில் எவ்வளவு வர வேண்டியிருந்தது, எவ்வளவு வந்தது என்று வரிசைப்படுத்தியபோது, விடுபட்ட தொகை 15 கோடி டாலர் முதல் 54.4 கோடி டாலர் வரை இருக்கும் என 2021இல் இரு கட்சியினரும் அடங்கிய சட்டமன்றக் குழு கணக்கிட்டது. குடியரசுக் கட்சி மிகப் பெரும்பான்மையோடு ஆளும் அந்த மாநிலத்தில், மறு ஆண்டுத் திட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டமைப்புக்கு 25 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

இதில் என்னை ஈர்ப்பது அந்தத் தொகை மட்டுமன்று. எதிர்க்கட்சியில், அதுவும் சிறுபான்மையிலும் சிறுபான்மையாக இருக்கும் ஓர் உறுப்பினருக்கு பேரம் பேசும் வலு ஏதும் இல்லை. பெரும்பான்மைக் கட்சியினரை அவர் கருணை காட்டும்படி வேண்டவில்லை. அவர்களுடைய அவையே எழுதிவைத்த கணக்கை அவர்கள் முன் விரித்தார். பழமைவாதி ஒருவர் தம் கொள்கையை விட்டுக்கொடுக்காமலேயே, ஒப்புக்கொண்ட கடனை அரசு தீர்க்க வேண்டும் என்று சொல்லி அதற்கு வாக்களிக்கலாம். தரப்பட்டது முழுக் கடன் அன்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மேரிலாந்து மாநிலத்தில் இதே நிலுவைக் கேள்வியை நீதிமன்றமும் கூடவே தாங்கி நின்றது. கறுப்பினத்தவருக்கான நான்கு பல்கலைக்கழகங்களின் சார்பில் 2006இல் தொடங்கிய வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2019இல் சபாநாயகரான ஏட்ரியன் ஜோன்ஸ், அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவரும் முதல் பெண்மணியும் ஆவார். வழக்கைத் தீர்ப்பதற்காகப் பத்து ஆண்டுகளில் 57.7 கோடி டாலர் வழங்கும் மசோதாவை அவர் முன்னின்று கொண்டுவந்தார். இரு கட்சியினரின் பேராதரவோடு 2020இல் அது நிறைவேறியது. ஆளுநர் லாரி ஹோகன், பெருந்தொற்றுக் கால நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அதை நிராகரித்தார். மறு ஆண்டு சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியபோது அவரே கையெழுத்திட்டார்.

டெக்சஸில் நடந்ததோ இன்னும் நுட்பமானது. எல்லையோரப் பல்கலைக்கழகங்கள் புறக்கணிக்கப்படுகின்றன என்று லத்தீன் வம்சாவளியினர் சார்பில் 1987இல் வழக்குத் தொடரப்பட்டது. அது நிலுவையில் இருந்த 1989இலேயே, தெற்கு டெக்சஸ் எல்லைப் பகுதிக்கான கல்வி நிதித் திட்டத்தைச் சட்டமன்றம் ஏற்றது. 1993இல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கில் அரசுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. வழக்கு தோற்றது, பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்த நிதி நிலைத்தது. எதிர்காலத் தீர்ப்பைப் பற்றிய அச்சம் இருக்கும்போதே வாக்குகளைச் சேர்த்துவிட வேண்டும் என்பதை அந்த உறுப்பினர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

சட்டமன்றவியல் மாணவி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அளவுகோல், நாற்காலி, நிலுவைக் கணக்கு என்று மூன்று வேறு வழிகளாக இவற்றைப் புரிந்துகொள்கிறேன். கூட்டணி நிலைக்குமா என்ற கேள்வி மட்டும் இன்னும் எஞ்சியிருக்கிறது. அளவுகோல் வழியில் ஒரு குறையும் எனக்குத் தோன்றுகிறது: கவுண்டியை அலகாகக் கொண்டால் பெருநகரங்களின் ஏழைப் பகுதிகள் விடுபடாதா? அந்தத் தொகுதிகளின் உறுப்பினர்கள் எதற்காக இந்தக் கூட்டணியில் தொடர்ந்து நிற்க வேண்டும்?

கோப்பு வாசகர் எழுதியது:

குறையைச் சரியாகவே கண்டிருக்கிறீர்கள். சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் செல்வம் மிகுந்த புறநகர்களும் இருப்பதால், கவுண்டியின் சராசரி வறுமை 20 விழுக்காட்டைத் தொடுவதில்லை. அதே கவுண்டிக்குள் நகரின் தென்பகுதியில் தலைமுறைகளாக வறுமையில் வாழும் கறுப்பினக் குடியிருப்புகள் சூத்திரத்தின் கண்ணில் படுவதில்லை. பிலடெல்பியாவைப் போல நகரமே தனிக் கவுண்டியாக அமைந்த இடங்கள் மட்டும் தப்பிக்கின்றன. இதை உணர்ந்துதான், கவுண்டியோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு வட்டாரங்களையும் அலகாகச் சேர்க்கும் வாசகங்கள் பின்னாளைய மசோதாக்களில் இடம்பெற்றன. அலகு சிறிதானால் நகரத்து உறுப்பினருக்கு ஆதாயம். ஆனால் பயன்பெறும் இடங்கள் பெருகப் பெருக ஒவ்வோர் இடத்திற்கும் கிடைப்பது குறைவதால் மலைப் பகுதி உறுப்பினருக்கு ஆர்வம் குறையலாம். இந்த இழுபறிக்கு நிரந்தரத் தீர்வு இல்லை.

நிலைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நெடுங்காலம் நிலைத்த கூட்டணி ஒன்றைச் சொல்கிறேன். 1973ஆம் ஆண்டு வேளாண் சட்டத்திலேயே பயிர் மானியமும் ஃபுட் ஸ்டாம்ப் திட்டமும் ஒரே மசோதாவாகப் பிணைக்கப்பட்டன. நகரத்து உறுப்பினருக்குக் கோதுமை விலையில் அக்கறை இல்லை, சமவெளி உறுப்பினருக்கு நகரத்து ஏழையின் தட்டில் அக்கறை இல்லை. ஆனால் ஒருவரை விட்டு மற்றவரால் பெரும்பான்மை காண முடியாது. 1968இல் நியூயார்க் நகரின் புரூக்ளினிலிருந்து தேர்வான கறுப்பின உறுப்பினர் ஷெர்லி சிஷம், தம்மை வேளாண் குழுவில் போட்டபோது அது தம் தொகுதிக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாக எதிர்த்து வேறு குழுவுக்கு மாறினார். அவர் நிலையில் அது நியாயமே. ஆனால் சில பத்தாண்டுகளுக்குள் அந்தக் குழுவின் முக்கியத்துவம் எப்படி மாறியது என்றால், 2021இல் ஜார்ஜியாவின் டேவிட் ஸ்காட் அதன் முதல் கறுப்பினத் தலைவராக அமர்ந்தார்.

இந்தப் பிணைப்பை அறுக்க முயன்றால் என்ன நடக்கும் என்பதை 2013 காட்டியது. உணவு உதவியில் பெரும் வெட்டும் கடுமையான நிபந்தனைகளும் கொண்ட வேளாண் மசோதா அவ்வாண்டு ஜூனில் 195க்கு 234 என்ற கணக்கில் தோற்றது. வெட்டு போதாது என்று எதிர்த்த பழமைவாதிகளும் வெட்டே கூடாது என்று எதிர்த்த ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து தோற்கடித்தார்கள். அடுத்த மாதம் உணவுப் பகுதியை நீக்கிவிட்டுப் பயிர்ப் பகுதியை மட்டும் குடியரசுக் கட்சியினர் தனியாக நிறைவேற்றினார்கள். அப்போது காக்கஸின் தலைவியாக இருந்த ஓஹையோவின் மார்சியா ஃபட்ஜ் வேளாண் குழுவிலும் உறுப்பினர். உணவு உதவியைக் காக்கும் போராட்டத்தில் அவர் முன்னணியில் நின்றார். செனட் சபையோ பிரிவினையை ஏற்கவில்லை. இறுதியில் 2014 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டத்தில் இரு பகுதிகளும் மீண்டும் ஒன்றாகவே இருந்தன, வெட்டும் சபை விரும்பியதைவிட மிகச் சிறிதாகிவிட்டிருந்தது. நாற்பது ஆண்டுக் கூட்டணி நட்பினால் நிலைத்ததாக நான் கருதவில்லை. ஒவ்வொரு ஐந்தாண்டுக்கும் சட்டம் காலாவதியாகி, இரு தரப்பும் மீண்டும் ஒரே அறைக்கு வந்தாக வேண்டும் என்ற ஏற்பாடே அதை நிலைக்கச் செய்தது.

அவைக்குறிப்பு எழுதியது:

காலாவதி என்பது இரு பக்கமும் வெட்டும். 2019 செப்டம்பர் 30 அன்று சிறுபான்மையினருக்கான கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்டுவந்த 25.5 கோடி டாலர் நிதியின் சட்ட அங்கீகாரம் முடிந்துபோனது. வட கரோலினாவின் ஆல்மா ஆடம்ஸ், அதே மாநிலத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர் மார்க் வாக்கரோடு சேர்ந்து கொண்டுவந்த மசோதா டிசம்பரில் சட்டமாகி, அந்த நிதியை நிரந்தரமாக்கியது. அந்தத் தொகை எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். 8.5 கோடி கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளுக்கு, 10 கோடி லத்தீன் வம்சாவளியினர் மிகுதியாகப் பயிலும் கல்லூரிகளுக்கு, 3 கோடி பழங்குடியினர் கல்லூரிகளுக்கு, எஞ்சியது பிற சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு. கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளை மட்டும் காக்க முயன்றிருந்தால், அத்தகைய கல்லூரி ஒன்றுகூட இல்லாத மேற்கு மாநிலங்களின் உறுப்பினர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. பழங்குடியினர் கல்லூரிகளோ பெரும்பாலும் குடியரசுக் கட்சி வெல்லும் சமவெளி மாநிலங்களில் இருக்கின்றன.

ஆய்வுக்கு ஒரு யோசனை. இறுதி வாக்கெடுப்பை மட்டும் பார்த்தால் கூட்டணி தெரியாது. கடைசி நாளில் வாக்குகள் பெரும்பாலும் கட்சிக் கோட்டில்தான் பிரியும். குழு நிலையில் வந்த திருத்தங்களையும், மசோதாவின் இணை முன்மொழிவாளர் பட்டியலையும், அவையில் தோற்ற திருத்தங்களுக்கு ஆதரவளித்தவர்களின் தொகுதிகளையும் சேர்த்து வையுங்கள். பவலின் 1956 வாக்கெடுப்புகள் இரண்டையும் உறுப்பினர்வாரியாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. திருத்தத்தை ஆதரித்துப் பின் மசோதாவை எதிர்த்தவர் யார், இரண்டையும் ஆதரித்தவர் யார் என்று பிரித்துவிட்டால், உண்மையான கூட்டாளிகள் எத்தனை பேர் என்பது பெயர்களோடு கிடைக்கும்.

நெடுநாள் உறுப்பினர் எழுதியது:

அதனோடு டென்னசி சட்டமன்றக் குழுவின் 2021ஆம் ஆண்டுக் கணக்கையும் படியுங்கள். 15 கோடிக்கும் 54.4 கோடிக்கும் இடையே அவ்வளவு பெரிய வித்தியாசம் ஏன் வந்தது, எந்த அனுமானத்தை மாற்றினால் தொகை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கண்டுகொண்டால், ஓர் ஒதுக்கீட்டுப் பேரத்தில் இரு தரப்பும் எதைப் பற்றி வாதிட்டிருக்கக்கூடும் என்பது உங்களுக்கு விளங்கும்.